பலாமரத்துக் கேப்டன்

தேவயானிக்கு இரண்டு பித்துகள் இருந்தன. ஒன்று கோடரி. மற்றொன்று அரசியல் மேடை.

கோடரி கைப்பேசிக்குள் இருந்தது. 'இரும்புக்கோட்டை' என்னும் அதிரடி விளையாட்டில் நால்வர் ஓர் அணி. எதிரணியின் கோட்டைக்கதவை முதலில் உடைப்பவர் வென்றவர். துப்பாக்கி உண்டு, வில் உண்டு, வெடிகுண்டு உண்டு. தேவயானி அவற்றைத் தொட்டதில்லை. தூரத்துப் புதரில் பதுங்கிக்கொண்டு சுடுகிறவனுக்கும் மொட்டைக் கடிதம் எழுதுகிறவனுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்பாள். எதிரியின் முகத்துக்கு நேரே போய் நின்று கோடரியால் பேசுவதே அவள் பழக்கம்.

மேடை என்றால் எந்த மேடையும் அவளுக்குச் சம்மதம். சட்டமன்ற நேரலை, இடைத்தேர்தல் பிரச்சாரம், வரவுசெலவுத் திட்ட விவாதம் என்று எல்லாவற்றையும் பார்ப்பாள். யார் எந்தக் கட்சி என்பது அவளுக்குப் பொருட்டல்ல. எவர் வாதம் எந்த இடத்தில் இடறியது என்பதே பொருட்டு. விளையாட்டில் கற்ற பாடத்தை அரசியலுக்கும் அரசியலில் கற்ற பாடத்தை விளையாட்டுக்கும் மாற்றி மாற்றிப் பூட்டிப் பார்ப்பாள். அப்படிப் பூட்டிப் பார்த்து அவள் கண்ட சூத்திரம் ஒன்று உண்டு: எந்த எதிரிக்கும் மாறாத ஓர் அடிவரிசை இருக்கும், பொறுத்திருந்து பார்த்தால் அது தெரியும், தெரிந்த பிறகு அவன் எதிரியே அல்ல.

ஆலங்காயத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தவரை அவளுக்குக் குறையில்லை. கடை மூடப்பட்டது. அவள் மலையேறித் தன் ஊரான ஈச்சங்கல்லூருக்குத் திரும்பினாள். வேலை போனதற்குக்கூட அவள் வருந்தவில்லை. சிக்னல் போனதுதான் பேரிடி.

ஏனென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமை இறுதிப்போட்டி. செங்கத்துக் கைப்பேசிக் கடைக்காரர்கள் நடத்திய போட்டியில் அவளுடைய அணி கடைசிச் சுற்றுவரை வந்திருந்தது. அந்த அணிக்கு அவள் கேப்டன். அவள் முகம் அறியாத மூவர் வாக்களித்து அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். உலகத்தில் அவள் வாக்கு வாங்கி அடைந்த ஒரே பதவி அது. ஆட்டத்தின் நடுவே கேப்டனின் இணைப்பு அறுந்து ஒரு நிமிடத்துக்குள் மீளாவிட்டால் அணி தோற்றதாக அறிவிக்கப்படும்; கேப்டன் பதவியும் பறிபோகும். விளையாட்டின் விதி அப்படி.

ஈச்சங்கல்லூரில் சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்று. அதன் பெயர் சபைப்பாறை.

ஊர்வழக்குகள் அந்தப் பாறையில் பேசப்படும். ஆண்கள் பாறைமீது அமர்வார்கள். பெண்கள் கீழே, பலாமரத்தின் அடியில் நிற்பார்கள். பெண்ணின் கால் பாறையில் பட்டால் அந்த ஆண்டு சாமை பதராகிவிடும் என்பது ஊரின் நம்பிக்கை. விதைப்பவள் பெண், களை பறிப்பவள் பெண், குத்துபவள் பெண், புடைப்பவள் பெண். அத்தனை கைகளையும் கால்களையும் பொறுத்துக்கொள்ளும் சாமைக்கு, அரை மைல் தொலைவில் ஒரு கல்லின்மீது யார் கால் படுகிறது என்று மட்டும் எப்படித் தெரிகிறது? சாமைக்கு வேர் உண்டு, உளவுத்துறை உண்டா? இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. கேட்கவேண்டியவர்கள் கீழே நின்றிருந்தார்கள். கேட்டிருந்தாலும் மேலே எட்டியிருக்காது.

வெள்ளிக்கிழமை காலை தேவயானி பலாமரத்தடியில் நின்று பாறையை அண்ணாந்து பார்த்தாள். பாறை விளிம்பில் கால் தொங்கவிட்டுக்கொண்டு கைப்பேசியில் மூழ்கியிருந்தான் கோகுல்ராஜ். ஊர்த்தலைவர் சடையனின் இளைய மகன், தேவயானிக்கு அத்தை மகன், அவளைவிடச் சிறியவன்.

"இன்னா தேவயானி, கீழ நின்னுக்கினு மேகத்த எண்றியா?"

"உன் மண்டையில இடிக்குதான்னு பாக்குறேன்டா. ஞாயித்துக்கெழம இன்னா விசேஷம்? மூஞ்சி பளபளன்னு இருக்குது?"

"எங்களுக்கு ஃபைனல். கண்ணமங்கலம் டீமோட மோதுறோம். எங்க கேப்டன் இருக்காரு பாரு, கோடரி அண்ணன்! மனுசனே இல்ல. மலைய ரெண்டா பொளப்பாரு."

"ஆளு எப்படி இருப்பாரு?"

"ஆறடி. மீசை இந்தா, இப்படி."

"நேர்ல பாத்தியா?"

"கொரல கேட்டாலே தெரியும்ல? உனக்கு இன்னா தெரியும், போய் சாமை குத்து போ."

தேவயானி சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். பெண்குரல் கேட்டால் போரை மறந்து பேரைக் கேட்கும் பிறவிகள் அந்த விளையாட்டிலும் உண்டு என்பதால், குரலை ஆண்குரலாக மாற்றித் தரும் வசதியை அவள் முதல்நாளே முடுக்கிவிட்டிருந்தாள். கோடரி அண்ணன் அவள்தான். 'மின்னல்' என்ற பெயரில் ஆடும் தோழன் கோகுல்ராஜ் என்பதும் இரண்டாம் ஆட்டத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவன் பேச்சுக்குப் பின்னணியில் சடையனின் இருமல் கேட்டது. அந்த இருமலை அறியாதவர் அந்த மலையில் இல்லை.

பாறையில் ஏற அவளுக்கு அச்சம் இல்லை. ஏறியிருக்கலாம். ஆனால் மழை தவறினாலும் பூச்சி விழுந்தாலும் பழி அவள் காலில் வந்து விழும்; அவள் தாய் கிணற்றடியில் அதைக் காலமெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாள். கதவை வெளியிலிருந்து உடைத்தால் காவல்காரன் மறுநாளே புதுக்கதவு பூட்டுவான். உள்ளே இருப்பவனே திறந்து "வாங்க" என்று சொல்லவேண்டும். அதற்கு என்ன வழி?

அண்ணாந்த கண் பலாமரத்தில் நின்றது. அடிமரம் பெண்கள் நிற்கும் பள்ளத்தில். கிளைகளோ பாறைக்கு மேலே, பந்தல்போல. சபைக்கு நிழல் தருவதே அந்த மரம்தான்.

நேரே சடையன் வீட்டுக்குப் போனாள். சடையன் இல்லை. அவர் மனைவி பெரியம்மாள் வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தே, விஜயராஜு எப்படி இருக்கான்?"

மூத்தவன் விஜயராஜ் பெங்களூரில் ஓட்டல் வேலையில் இருந்தான்.

"நல்லா இருக்கானாம்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா அப்புறம்? உங்க மாமா பாறையில குந்திக்கினு அவன்கிட்ட ஒரு மணி நேரம் பேசுவாரு. வூட்டுக்கு வந்து 'நல்லா இருக்கான்'ம்பாரு. அவ்ளோதான். போன தீவாளிக்கு அவன் கை ஒடஞ்சி கட்டு போட்டுக்கினு இருந்தான். அப்பவும் 'நல்லா இருக்கான்'தான்!" புளியங்கொட்டை ஒன்று முறத்தைத் தாண்டிப் பறந்தது.

"அத்தே, அந்தப் பாறையோரத்துப் பலா யாருது?"

"இன்னாடி கேக்குற? எங்கப்பா எனக்கு சீரா குடுத்தது. ஊருக்கே தெரியும்."

"அதுல நான் ஏறிக்கட்டுமா?"

"பழமா வேணும்?"

"சிக்னலு வேணும். உனக்கும் சேத்துத்தான். விஜயராஜு மூஞ்சியவே காட்டுறேன்."

பெரியம்மாளின் கை நின்றது.

அந்த மலையில் நிலம் ஒருவருடையதாகவும் அதில் நிற்கும் மரம் வேறொருவருடையதாகவும் இருப்பது வழக்கம். பெண்ணுக்குச் சீராகக் கொடுத்த மரம் அவளுக்கே உரியது. கணவனுக்கும் அதில் பங்கில்லை. முன்னொரு முறை குமரேசன் என்பவன் தன் அண்ணியின் புளியமரத்தில் கிளை கழித்தபோது சடையன் அதே பாறையில் அமர்ந்து அவனுக்குத் தெண்டம் விதித்துத் தீர்ப்பு வழங்கியிருந்தார்: 'மரத்துக்காரி சொல்லாம மரத்துல யாரும் கை வெக்கக் கூடாது. மரத்துக்காரி சொல்லிட்டா, ஏறுறவங்கள யாரும் தடுக்கக் கூடாது.' அன்று ஊரே கைதட்டியது. பலாமரத்தடியில் நின்று அந்தத் தீர்ப்பைக் கேட்டுச் சொல் பிசகாமல் நினைவில் வைத்துக்கொண்டவள் தேவயானி. சட்டமன்ற விவாதம் கேட்டு வளர்ந்த காது அது.

"ஏறுடி," என்றாள் பெரியம்மாள். "ஆனா எம் புள்ளைய மொதல்ல காட்டணும்."

அன்று மாலை ஓர் ஆட்டு வழக்குக்காகச் சபை கூடியது. சடையனுக்குச் சபை நடத்துவதில் மூன்றே படிகள். முதலில் இருமுவார். பிறகு முன்னோரைச் சொல்வார். முடிவில் "சபை கலையலாம்" என்பார். யார் என்ன கேட்டாலும் இந்த வரிசை மாறாது. இருமலில் கேள்வி நடுங்கும், முன்னோரில் மயங்கும், கலைதலில் காணாமல் போகும்.

அவர் முன்னோருக்கு வந்தபோது வழுக்கைத் தலையில் பிசுக்கென்று ஒரு சொட்டு விழுந்தது. பலாப்பால். துடைத்துக்கொண்டே அண்ணாந்தார். தலைக்கு நேர் மேலே இரண்டு பாதங்கள் ஆடிக்கொண்டிருந்தன. நகங்களில் சிவப்புச் சாயம்.

"ஏய்! யார்ரா அது மேல?"

"நான்தான் மாமா, தேவயானி. நீங்க பேசுங்க, நான் தொந்தரவு பண்ணல."

"எறங்குடி கீழ! பொம்பள கால் பாறையில படக்கூடாதுன்னு தெரியாது?"

"படலையே மாமா. நல்லா பாருங்க. பாறைக்கும் என் காலுக்கும் நடுவுல உங்க தலை இருக்குது."

சபையில் ஒருவர் சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார்.

"யார கேட்டு ஏறின?"

"மரத்துக்காரிய கேட்டு. 'மரத்துக்காரி சொல்லிட்டா யாரும் தடுக்கக் கூடாது'. இதே எடத்துல நீங்க சொன்ன தீர்ப்பு மாமா. மாத்தறதுன்னா சொல்லுங்க, குமரேசன் அண்ணனுக்குப் போட்ட தெண்டத்த திருப்பிக் குடுத்துடலாம்."

குமரேசன் சபையில்தான் இருந்தான். சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தான்.

சடையன் இருமினார். முன்னோரைச் சொன்னார். "சபை கலையலாம்" என்றார். அன்று முதலில் கலைந்தவர் அவரே.

முன்னோர்கள் எல்லாவற்றையும் யோசித்திருந்தார்கள். மேலே பார்க்க மட்டும் மறந்திருந்தார்கள். பெண்ணின் கால் பாறையைத் தொடக்கூடாது என்றவர்களுக்கு, அந்தக் கால் பாறையில் அமர்ந்த தலைகளுக்கு மேலே வந்து ஊஞ்சலாடும் என்று தோன்றவே இல்லை. தாழ்த்தி நிறுத்தியவர்களைத் தலைக்குமேல் ஏற்றிவைத்தது யார்? அவர்கள் போட்ட வேலிதான்!

சனிக்கிழமை மரத்தில் மூன்று பெண்கள். பெரியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஊரே வாய்பிளக்க, மூன்றாம் கிளைக்கு ஏறினாள். பெங்களூரிலிருந்து மகனின் முகம் சின்னத் திரையில் தெரிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "கைய தூக்கிக் காட்டுடா!" என்பதுதான். கேரளத்துத் தோட்டத்தில் கணவன் வேலை பார்க்கும் பாஞ்சாலி அடுத்த கிளையில் அமர்ந்து, பாறைக்கே கேட்கும்படி அவனைத் திட்டினாள். பிறகு பாறைக்குக் கேட்காதபடி ஏதோ சொன்னாள். கீழே ஆண்கள் குடைகளோடு வந்து உட்கார்ந்தார்கள். அடர்ந்த நிழலில் வரிசையாக விரிந்த கறுப்புக்குடைகள்! வெயிலுக்கு அஞ்சியா, மழைக்கு அஞ்சியா? கால்விரலுக்கு அஞ்சி. மரத்தை வெட்ட மரத்துக்காரி சம்மதிக்கவேண்டும். சபையை வேறிடத்துக்கு மாற்றவும் முடியாது; பாறையில் சொல்லாத தீர்ப்பு செல்லாது. கடைசியில் சடையன் அறிவித்தார்: ஞாயிறு பிற்பகல் முழுச்சபை; மரத்து வழக்குக்கு அன்று முடிவு.

இறுதிப்போட்டியும் ஞாயிறு பிற்பகல்தான்.

அன்று பாறை நிறைந்தது, மரமும் நிறைந்தது. தேவயானி பாறைக்கு நேர்மேலான கிளையில் கால்களைப் பின்னி அமர்ந்து கைப்பேசியைப் பிடித்திருந்தாள். சிக்னல் கோடு ஒன்று. இலைகள் அசையும்போது அரை. பாறையின் பின்மூலையில் கோகுல்ராஜ்: ஒரு காதில் இயர்போன், மறுகாது சபைக்கு.

ஆட்டமும் வழக்கும் ஒரே நேரத்தில் தொடங்கின.

சடையன் இருமினார். "நம்ம பாட்டன் பூட்டன் காலத்துலேர்ந்து…" என்று இழுத்தார். அவர் மூன்றாம் படியில் கால் வைக்குமுன் மேலிருந்து குரல் வந்தது.

"மாமா, இருமிட்டீங்க, பாட்டனையும் சொல்லிட்டீங்க. அடுத்தது 'சபை கலையலாம்'. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி. போன வருசம் எந்தப் பொம்பளையும் பாறையில ஏறல. சாமை எப்படி வெளஞ்சிது?"

 போன ஆண்டு மழை பொய்த்துச் சாமை பாதிக்குமேல் பதர்.

சடையன் வாயைத் திறந்தார். இருமல்கூட வரவில்லை. வரிசை உடைந்தவருக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

அதற்குள் தேவயானி வேறொரு போருக்குத் திரும்பியிருந்தாள். "மின்னல், எடது பக்கம் போ! செவுத்துக்குப் பின்னால ஒருத்தன் இருக்கான்!"

பின்மூலையில் கோகுல்ராஜ் திடுக்கிட்டான். திறந்த காதில் மேலிருந்து பெண்குரல் ஒன்று கேட்டது: "மின்னல், எடது பக்கம் போ." அடைத்த காதில் அதே சொற்கள், ஒரு மூச்சு பிந்தி, கரகரத்த ஆண்குரலில்: "மின்னல், எடது பக்கம் போ."

இயர்போனைக் கழற்றிப் பார்த்தான், மாட்டிப் பார்த்தான். ஆறடியும் மீசையும் அவன் கண்முன்னே கரைந்தன. மெல்ல அண்ணாந்தான்.

"கோ… கோடரி அண்ணே?"

"மேல இன்னாடா பாக்குற? எடது பக்கம் போடா!"

போனான். சுவருக்குப் பின்னால் இருந்தவன் வீழ்ந்தான். கோகுல்ராஜுக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த இளைஞர்கள் வழக்கை மறந்து அவன் திரையில் கவிழ்ந்தார்கள். எதிரணிக் கேப்டன் ஒருவன்தான் கோட்டைக்கதவுக்கு முன்னால் மிச்சம். அவனை வீழ்த்த நம் அணியில் மிச்சமிருந்தவர்கள் கோடரியும் மின்னலும்.

அப்போது காற்று வீசியது. பலாமரம் சலசலத்தது. தேவயானியின் சிக்னல் கோடு அணைந்தது.

கோகுல்ராஜின் திரையில் சிவப்பு எழுத்து: 'கேப்டன் இணைப்பில் இல்லை.' அதன் கீழே அறுபதிலிருந்து எண்கள் இறங்கத் தொடங்கின.

அவன் துள்ளி எழுந்தான். "நைனா! அவள பாறைக்கு வரச்சொல்லு!"

"இன்னாடா ஒளற்ற? யார?"

"தேவயானிய! அவதான் எங்க கேப்டன்! சிக்னலு போச்சி! அவ வரலைன்னா கண்ணமங்கலத்தான் ஜெயிச்சிடுவான்!"

"டேய், சபை நடக்குது…"

"சபை அப்புறம் நடக்கும் நைனா! நாப்பத்தஞ்சி செகண்டுதான் இருக்குது!"

கண்ணமங்கலத்தான் என்ற சொல் இளைஞர்களிடமிருந்து பெரியவர்களுக்குத் தாவியது. அங்கே புளி விற்கப் போய் எடையில் ஏமாந்து வந்தவர்கள் சபையில் பாதிப்பேர். "எந்தக் கண்ணமங்கலத்தான்?" என்று ஒருவர் குடையை மடக்கினார். "அவன் ஜெயிக்கிறதா?" என்று மற்றொருவர் எழுந்தார். குமரேசன் உரக்கவே சொன்னான்: "தலைக்கு மேல குந்திக்கினு இருக்கறதுக்கு, பக்கத்துல வந்து குந்தட்டுமே. இன்னா கெட்டுப்போச்சி?"

சடையன் மேலே பார்த்தார். "சரி, வந்து தொலை!"

தேவயானி அசையவில்லை. அணைந்த கோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "தொலையறதுக்கு நான் வரல மாமா. வந்து ஒக்காருங்கன்னு சொல்லுங்க. எல்லாருக்கும் சேத்து."

"முப்பது!" என்று அலறினான் கோகுல்ராஜ்.

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்…"

"அவ மட்டும் வர மாட்டா," என்றது மூன்றாம் கிளையிலிருந்து பெரியம்மாளின் குரல். "வந்தா எல்லாரும் வருவோம். இல்லன்னா எல்லாரும் இங்கயே இருப்போம். நீ குடையிலயே குடும்பம் நடத்து."

"இருபது! நைனா, உன் கால்ல விழறேன்!"

சடையன் சபையைப் பார்த்தார். ஒரு முகமும் அவர் பக்கம் இல்லை. எல்லா முகங்களும் கைப்பேசியின் எண்களில் இருந்தன. முன்னோரைத் துணைக்கு அழைத்தார். அவர்களும் எண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள் போலும்.

"வந்து…" என்றார். விழுங்கினார். "வந்து ஒக்காருங்க. எல்லாரும். ஒக்காருங்க!"

கிளையிலிருந்து தொங்கிக் குதித்தாள் தேவயானி. அவள் பாதம் பாறையில் பட்டது. இடி இடிக்கவில்லை. பாறை பிளக்கவில்லை. கைப்பேசியில் நான்கு கோடுகள் விளக்குப்போல் எழுந்தன.

எதிரணிக் கேப்டன் இரண்டுமுறை வீசினான். மூன்றாம் முறைக்கு முன் ஒரு கணம் தயங்கினான். மறுபடியும் இரண்டு வீச்சு, ஒரு தயக்கம். அவனுக்கும் ஓர் அடிவரிசை இருந்தது. பொறுத்திருந்து பார்த்தாள். அடுத்த தயக்கத்தில், "மின்னல், இப்போ!" என்றாள். அவன் கேள்வி கேட்காமல் பாய்ந்தான். வாழ்நாளில் முதன்முறையாக அவள் சொன்னதை ஒரே சொல்லில் கேட்டான்! கோடரி இறங்கியது.

பாறை அதிர்ந்தது. அதிர்ந்தது ஆண்களின் கூச்சலால். மரத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்த பெண்களின் குலவையால். சடையன் எட்டி எட்டிப் பார்த்தார். முதுகுகள்தான் தெரிந்தன.

"இன்னாடா ஆச்சி? யாராவது சொல்லுங்கடா!"

"கண்ணமங்கலத்தான் கதவு ஒடஞ்சிச்சி நைனா!"

"சபை கலை…" என்று தொடங்கினார். எவரும் எழுந்திருக்கவில்லை. அவர் பக்கத்திலேயே சம்மணமிட்டு உட்கார்ந்த பெரியம்மாள், பாஞ்சாலியின் கைப்பேசியில் பெங்களூருக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்: "உங்கப்பாவா? நல்லா இருக்காரு. அவ்ளோதான், வேற ஒண்ணுமில்ல."

அந்த ஆண்டு மழை பெய்தது, சாமை விளைந்தது. அடுத்த ஆண்டு பெய்யாமலும் போகலாம். மேகத்தைக் கேட்கவேண்டியதை மகளிர் காலைக் கேட்பதை மட்டும் ஈச்சங்கல்லூர் விட்டுவிட்டது.

செங்கத்திலிருந்து கோப்பை வந்து சேர்ந்த மாலையில் சடையன் கைப்பேசியோடு பாறைக்கு வந்தார். விஜயராஜிடம் பேசவேண்டும். பாறையில் கால் வைக்க இடமில்லை. பாஞ்சாலி கேரளத்தைத் திட்டிக்கொண்டிருந்தாள். தேவயானி ஓர் இடைத்தேர்தல் கூட்டத்தை எல்லாருக்கும் போட்டுக் காட்டி, பேச்சாளர் இடறிய இடங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். கோகுல்ராஜ் கோப்பையை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். சடையன் சற்றுநேரம் பள்ளத்தில், பலாமரத்தடியில் நின்றார். அங்கே அவர் நின்றது அதுவே முதல்முறை. அண்ணாந்து கிளைகளைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, பாறை விளிம்பில் அமர்ந்திருந்த மனைவியைக் கேட்டார்:

"ஏம்மே, மரத்துல ஏறிக்கட்டுமா?"

பெரியம்மாள் திரும்பவில்லை. முதலில் இருமினாள். பிறகு தன் அப்பனையும் பாட்டனையும் சொன்னாள். கடைசியில், "யோசிச்சி சொல்றேன்," என்றாள்.